ஓர் ஆடையின் சுற்றுச்சூழல் சுமையை எப்படி அளக்கிறார்கள்?

பருத்திச் சட்டை, பாலியஸ்டர் சட்டை ஆகிய இரண்டில் சுற்றுச்சூழலுக்கு எது நல்லது என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் பருத்தியையே சொல்வார்கள். அது செடியில் விளைகிறது, மண்ணில் மட்குகிறது, உடலுக்கும் இதமாக இருக்கிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தச் செடிக்கு எவ்வளவு நீர் பாய்ந்தது, வயலில் என்ன உரமும் பூச்சிக்கொல்லியும் இடப்பட்டன, துணிக்குச் சாயமேற்ற எவ்வளவு நிலக்கரி எரிந்தது, வாங்கியவர் அந்தச் சட்டையை எத்தனை முறை உடுத்தினார், எப்படித் துவைத்தார், கடைசியில் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்விகளுக்கு அந்த உண்மைகள் எதுவும் விடை தருவதில்லை. இக்கேள்விகள் அனைத்தையும் ஒரே கணக்கேட்டில் எழுதிப் பார்க்கும் முறைக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். இம்முறையில் கிடைக்கும் ஒவ்வோர் எண்ணும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கான விடையே என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். கேள்வி இன்னதென்று தெரியாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்பவர், கணக்கு சரியாகவே இருந்தாலும் தவறான முடிவுக்கு வந்துவிட முடியும்.

இம்முறை ஆடைத் தொழிலில் பிறந்ததன்று. 1969-இல் கோகோ கோலா நிறுவனம் தன் பானத்தை அடைக்கும் கலன்களில் எது குறைந்த வளங்களைச் செலவழிக்கிறது என்று அறிய ஓர் ஆய்வை மேற்கொள்ளச் செய்தது. இத்தகைய மதிப்பீடுகளின் தொடக்கமாக அதையே பலரும் குறிப்பிடுகின்றனர். பின்னர் 1997-இல் வெளிவந்து 2006-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 14040 என்ற பன்னாட்டுத் தரநிலையும், அதன் துணையான 14044-உம் இம்முறைக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தன. அவற்றின்படி வேலை நான்கு கட்டங்களாக நடக்கிறது. எதற்காக, எதை, எதுவரை அளக்கப் போகிறோம் என்று முதலில் வரையறுக்கிறார்கள். அடுத்து, அந்த எல்லைக்குள் உள்ளே போகும் நீர், எரிபொருள், வேதிப்பொருள் ஆகியவற்றையும் வெளியே வரும் புகை, கழிவுநீர், குப்பை ஆகியவற்றையும் பட்டியலிடுகிறார்கள். மூன்றாவதாக, அப்பட்டியலைப் புவி வெப்பமாதல், நீர்ப் பற்றாக்குறை போன்ற பாதிப்புகளாக மாற்றுகிறார்கள். கடைசியில், கிடைத்த முடிவு எவ்வளவு உறுதியானது, எந்த அனுமானத்தை மாற்றினால் அது தலைகீழாகும் என்று ஆராய்கிறார்கள். இந்த நான்கில் பொதுமக்களின் கண்ணுக்கு வருவது பெரும்பாலும் மூன்றாம் கட்டத்தின் எண் மட்டுமே. ஆனால் அதைத் தீர்மானிப்பது முதல் கட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள்தாம்.

எதற்கு எவ்வளவு?

முதல் கட்டத்தின் இதயம், செயல்பாட்டு அலகு என்று அழைக்கப்படும் ஒன்று. அளக்கப்படும் பொருள் என்ன பயனைத் தருகிறதோ அந்தப் பயனின் அளவே இந்த அலகு. ஆடையைப் பொறுத்தவரை அதைப் பல விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு கிலோ துணி, ஒரு சட்டை, ஒரு முறை உடுத்துதல், ஓராண்டுக் காலம் ஒருவர் உடுத்துதல் என்று எதை வேண்டுமானாலும் அலகாகக் கொள்ள முடியும். ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆடையை வெற்றி பெறச் செய்யும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். மெல்லிய டி-சர்ட் ஒன்றைத் தயாரிக்க 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்றும், கெட்டியான துணியில் நன்றாகத் தைத்த இன்னொன்றுக்கு 5 கிலோ வெளியாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 'ஒரு டி-சர்ட்' என்பதே அலகு என்றால் மெல்லியதே சிறந்தது. ஆனால் மெல்லியது 20 முறை உடுத்தியதும் கழுத்து தளர்ந்து மூலைக்குப் போய்விடுகிறது, கெட்டியானது 100 முறை உழைக்கிறது என்றால், ஒரு முறை உடுத்துவதற்கு முதலாவதின் பங்கு 150 கிராம், இரண்டாவதின் பங்கு 50 கிராம் மட்டுமே. துவைப்பதற்காக ஒவ்வொரு முறைக்கும் 20 கிராம் சேர்த்தாலும் 170-க்கு 70 என்றுதான் வருகிறது. தயாரிப்பில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு கூடுதலாகச் சுமை ஏற்படுத்திய ஆடை, பயன்பாட்டில் பாதிக்கும் குறைவான சுமையுள்ளதாகிவிட்டது. இதில் எந்தத் தந்திரமும் இல்லை. இரண்டு கணக்குகளும் சரியானவை; இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடையளிக்கின்றன, அவ்வளவே. என் பார்வையில், வாங்குபவருக்குப் பொருளுள்ள கேள்வி 'ஒரு முறை உடுத்துவதற்கு எவ்வளவு' என்பதே. ஆடை நம்மிடம் இருப்பது உடுத்துவதற்காகத்தான்; அலமாரியில் தொங்குவதற்காக அன்று.

இந்த இடத்தில்தான் பெரிய சிக்கலும் இருக்கிறது. ஓர் ஆடை எத்தனை முறை உடுத்தப்படும் என்பது தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாது. துணியின் வலிமையை ஆய்வகத்தில் சோதிக்கலாம். ஆனால் பெரும்பாலான ஆடைகள் கிழிவதற்கு முன்பே, அளவு பொருந்தாமலோ பிடிக்காமலோ ஒதுக்கப்படுகின்றன. எனவே ஆய்வாளர்கள் ஓர் எண்ணை அனுமானிக்க வேண்டியிருக்கிறது. எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட அறிக்கை, ஓர் ஆடை ஒதுக்கப்படுவதற்கு முன் உடுத்தப்படும் முறைகளின் எண்ணிக்கை பதினைந்து ஆண்டுகளில் உலக அளவில் 36 விழுக்காடு குறைந்துவிட்டது என்று மதிப்பிட்டது. அந்தச் சரிவு உண்மையானால், தொழிற்சாலைகள் தம் ஆற்றல் செலவை மூன்றில் ஒரு பங்கு குறைத்திருந்தாலும் அந்த ஆதாயம் முழுவதையும் நம் அலமாரிகள் விழுங்கியிருக்கும்.

எல்லையை எங்கே போடுவது?

அடுத்த முடிவு எல்லை பற்றியது. வயலிலிருந்தோ எண்ணெய்க் கிணற்றிலிருந்தோ தொடங்கித் தொழிற்சாலை வாயிலோடு நிறுத்தினால் அது ஒரு கணக்கு. கடை, வீடு, சலவை, குப்பைமேடு வரை தொடர்ந்தால் அது வேறு கணக்கு. ஆடைத் தொழில் முழுவதும் உலகின் பசுங்குடில் வாயுக்களில் எத்தனை விழுக்காட்டை வெளியிடுகிறது என்ற எளிய கேள்விக்கே ஒன்றுக்கொன்று பொருந்தாத விடைகள் உலவுவதற்கு இதுவும் ஒரு காரணம். உலக வளங்கள் நிறுவனமும் ஆடைப் பாதிப்பு நிறுவனமும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, 2019-ஆம் ஆண்டுக்கு 102.5 கோடி டன் என்றும், அது உலக வெளியீட்டில் சுமார் 2 விழுக்காடு என்றும் கணக்கிட்டது. மூலப்பொருளிலிருந்து தையல் முடியும் வரையே அதன் எல்லை. மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை 2018-ஆம் ஆண்டுக்கு 210 கோடி டன், அதாவது சுமார் 4 விழுக்காடு என்றது. அது கடைகளையும் வீட்டுச் சலவையையும் ஆடையின் முடிவையும் உள்ளடக்கியது. காலணிகளையும் சேர்த்து 8 விழுக்காடு என்று சொன்ன ஆய்வும் உண்டு. தரவுகளின் தரத்திலும் இவற்றுக்குள் வேறுபாடுகள் இருக்கின்றன. எனினும் இவற்றை அருகருகே வைத்து ஒன்று பொய், இன்னொன்று மெய் என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், அவை ஒரே பொருளை அளந்தனவா என்று பார்ப்பது முறை.

இழையிலிருந்து தையல் வரை

இனி ஆடையின் பயணத்தோடு நடப்போம். பருத்தியில் தொடங்கினால் முதலில் வருவது நீர். 250 கிராம் எடையுள்ள பருத்திச் சட்டைக்கு உலகச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் தேவை என்ற எண்ணைப் பலரும் கேட்டிருப்பார்கள். நீர்த்தடம் என்ற கருத்தை 2002-இல் முன்வைத்த ஆர்யன் ஹூக்ஸ்ட்ராவின் வழியில் கணக்கிடப்பட்ட எண் அது. அதில் பாதிக்கும் சற்று மேலான பங்கு, செடி எடுத்துக்கொண்ட மழைநீர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆறு, ஏரி, கிணறுகளிலிருந்து எடுத்துச் செலவான நீர். மிஞ்சியது, வெளியேறிய மாசை நீர்த்துப்போகச் செய்யத் தேவைப்படும் நீரின் அளவு. மழைநீரை விட்டுவிட்டுப் பாசன நீரை மட்டும் கணக்கிட்ட பன்னாட்டுப் பருத்தி ஆலோசனைக் குழு, ஒரு கிலோ பஞ்சுக்கு உலகச் சராசரி 1,931 லிட்டர் என்கிறது. மழையை நம்பி விளையும் பருத்திக்குப் பாசன நீர் அறவே தேவையில்லாமலும் போகலாம். வறண்ட நிலத்தில் வாய்க்கால் வெட்டி விளைவிப்பதற்கோ அந்தச் சராசரியைப்போலப் பல மடங்கு தேவைப்படலாம். மத்திய ஆசியாவின் அமு தார்யா, சிர் தார்யா ஆறுகளை 1960-களிலிருந்து பருத்தி வயல்களுக்குத் திருப்பியதால் ஏரல் கடல் வற்றிப்போனதை உலகம் பார்த்தது. அந்தக் கடலை வற்றச் செய்தது சராசரி லிட்டர் அன்று. அந்த இடத்தில் எடுக்கப்பட்ட லிட்டர்.

வயலிலிருந்து கிளம்பும் இன்னொரு பொருளுக்கு இவ்வளவு பெயர் கிடைப்பதில்லை. நைட்ரஜன் உரத்தின் ஒரு பகுதி மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடாக மாறிக் காற்றில் கலக்கிறது. நூறு ஆண்டுக் காலக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு நிகராக வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது என்பதால், மிகச் சிறிய கசிவும் கணக்கில் பெரிதாகத் தெரியும். நைலான் 66 என்ற இழையின் மூலப்பொருளான அடிபிக் அமிலத்தைத் தயாரிக்கும்போதும் இதே வாயு வெளியாகிறது. அதைப் பிடித்து அழிக்கும் கருவியைப் பொருத்திய ஆலையின் நைலானும் பொருத்தாத ஆலையின் நைலானும் கணக்கேட்டில் இருவேறு பொருள்கள்போலவே தோன்றும்.

பாலியஸ்டருக்குப் பாசனம் வேண்டாம், பூச்சிக்கொல்லி வேண்டாம், விளைநிலமும் வேண்டாம். கச்சா எண்ணெயிலிருந்து பெறும் வேதிப்பொருள்களை வினைபுரியச் செய்து, உருக்கி, நுண்துளைகள் வழியே இழையாக இழுக்கிறார்கள். ஒரு கிலோ பாலியஸ்டர் இழைக்கு ஒரு கிலோ பஞ்சைவிட மிகுதியான ஆற்றல் தேவைப்படுகிறது. இன்று உலகில் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கும் மேல் இதுவே. கம்பளியின் கதை வேறு: அங்கே பெரும் பங்கு ஆட்டின் வயிற்றிலிருந்து வரும் மீத்தேனுக்கு உரியது. இதில் கால அளவும் ஒரு முடிவாகிறது. மீத்தேன் காற்றில் நீண்ட காலம் நிற்பதில்லை. எனவே நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல 27 மடங்கு என்றால், இருபது ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 80 மடங்கு. அதே ஆட்டின் அதே கம்பளி, எந்தக் காலக் கண்ணாடி வழியே பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்று மடங்கு வரை கனமாகத் தெரியும்.

இழைக்குப் பிறகு வரும் கட்டமே வெப்பமாதல் கணக்கில் பெரும்பாலும் முதலிடம் பிடிக்கிறது என்பது பலருக்கும் வியப்பளிக்கும். மேலே சொன்ன 2021 ஆய்வில், துணி உற்பத்தியும் சாயமேற்றலும் இறுதிச் செப்பமும் சேர்ந்த பகுதிக்கே 52 விழுக்காடு. மூலப்பொருளை விளைவிப்பதற்கும் எடுப்பதற்கும் 24. நூற்பு உள்ளிட்ட இடைநிலைப் பணிகளுக்கு 15. தையலுக்கு வெறும் 9. காரணம் எளியது. நெய்த துணியில் ஏற்றியிருந்த பசையை நீக்க, அழுக்கையும் மெழுகையும் போக்க, வெளுக்க, சாயமேற்ற, ஒட்டாத சாயத்தை அலச என்று துணி திரும்பத் திரும்பச் சுடுநீரில் இறங்கி ஏறுகிறது; ஒவ்வொரு முறையும் காயவைக்கப்படுகிறது. அந்த வெப்பத்தைத் தருபவை கொதிகலன்கள். அவற்றில் எரிவது பல இடங்களில் நிலக்கரி. பருத்திக்குப் பெரிதும் பயன்படும் வினைச் சாயங்கள் இழையோடு சேர நிறைய உப்பும் தேவை. அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறி மண்ணையும் கிணற்றையும் கெடுக்கிறது. கழிவுநீரைச் சவ்வுகள் வழியே அழுத்தி வடிகட்டி, மிஞ்சும் கரைசலைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரித்து, ஒரு சொட்டும் வெளியே விடாமல் நீரை மீண்டும் பயன்படுத்த முடியும். ஆனால் அதற்கு மின்சாரமும் வெப்பமும் மிகுதியாகச் செலவாகும். ஆற்றைக் காப்பாற்றியதால் கார்பன் கணக்கு ஏறுகிறது. இதைக் காட்டி ஆற்றில் விட்டுவிடலாம் என்று யாரும் வாதிடக் கூடாது. ஒரே ஓர் எண்ணை மட்டும் பார்த்துப் பாராட்டவோ பழிக்கவோ கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

தையலின் சொந்தச் செலவு குறைவு என்றாலும், அங்கே வீணாகும் துணி முந்தைய கட்டங்கள் அனைத்தின் சுமையையும் சுமந்துகொண்டுதான் வீணாகிறது. வெட்டும்போது 15 விழுக்காடு துணுக்காகப் போகிறது என்று கொண்டால், 200 கிராம் ஆடைக்கு 235 கிராம் துணி நெய்து சாயமேற்றியாக வேண்டும். அதற்கேற்ப நூலும் பஞ்சும் இன்னும் கூடுதலாக வேண்டும். கடைசிக் கட்டத்தில் நேரும் இழப்பே மிகவும் விலைமிக்கது. விற்காமலே அழிக்கப்படும் ஆடை இந்த இழப்பின் உச்சம். முழுச் சுமையும் இருக்கிறது, உடுத்திய முறைகள் பூஜ்யம்.

கடல் கடந்து வருவதால்தான் ஆடை கேடாகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்வது ஒரு டன்-கிலோமீட்டர். 200 கிராம் டி-சர்ட் 10,000 கிலோமீட்டர் பயணித்தால் அது 2 டன்-கிலோமீட்டர். சரக்குக் கப்பலில் ஒரு டன்-கிலோமீட்டருக்குச் சுமார் 15 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று கொண்டால் மொத்தம் 30 கிராம்தான். விமானத்திலோ ஒரு டன்-கிலோமீட்டருக்கு 500 கிராமுக்கு மேல் ஆவதால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். எனவே எவ்வளவு தொலைவு என்பதைவிட எதில் வந்தது என்பதே முக்கியம். புதிய வடிவமைப்புகளை அவசர அவசரமாகக் கடைக்குக் கொண்டுவரும் வணிகத்தில் விமானத்தின் பங்கு கூடுவது இந்தக் காரணத்தால் கவலைக்குரியது.

வீட்டில் நடப்பது

வாங்கிய பிறகான கட்டம் மனிதர்களின் பழக்கத்தைப் பொறுத்தது; எனவே இதில்தான் எண்கள் மிக அகலமாக விரிகின்றன. இயற்பியலைக் கொண்டே இதை ஓரளவு அளந்துவிடலாம். சலவை இயந்திரம் சூடாக்கும் நீர் 15 லிட்டர் என்றால், அதை 20 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற ஏறத்தாழ 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும். 30 பாகையோடு நிறுத்தினால் 0.17 யூனிட் போதும். உலர்த்தும் இயந்திரம் இன்னும் பசிமிக்கது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க 0.63 யூனிட் தேவை. ஆறு கிலோ துணி, பிழிந்த பிறகும் மூன்று கிலோ நீரைப் பிடித்திருந்தால், வெப்பத்தை மீட்டுப் பயன்படுத்தாத எளிய உலர்த்தியில் குறைந்தது 1.9 யூனிட் செலவாகும். நிலக்கரி மின்சாரம் என்றால் அது இரண்டு கிலோவுக்கு நெருங்கிய கார்பன் டை ஆக்சைடு. அந்த ஆறு கிலோவில் 30 டி-சர்ட்கள் இருந்தால் ஒன்றுக்குச் சுமார் 60 கிராம். 50 முறை இப்படி உலர்த்தினால் மூன்று கிலோ. நாம் முன்பு கற்பனை செய்த மெல்லிய டி-சர்ட்டைத் தயாரிக்க ஆன அளவுக்கு இது சமம். கொடியில் காயப்போட்டால் இந்த மூன்று கிலோவும் இல்லை. நீர்மின்சாரமோ காற்றாலை மின்சாரமோ வரும் வீட்டில் இயந்திரத்திலேயே உலர்த்தினாலும் அது மிகச் சிறிதே. இங்கே பாலியஸ்டருக்கு ஓர் ஆதாயம் உண்டு: பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் எட்டு விழுக்காடு வரை ஈரத்தை ஏற்கும்போது, பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட ஏற்பதில்லை, எனவே விரைவில் காய்ந்துவிடுகிறது.

இதற்கு வெளியான சான்று ஒன்று உண்டு. லீவைஸ் நிறுவனம் தன் 501 ஜீன்ஸ் ஒன்றின் வாழ்நாள் முழுவதையும் அளந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மொத்த நீர் 3,781 லிட்டர் என்றும், வெப்பமாதல் பங்கு 33.4 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு நிகர் என்றும் கண்டது. நீரில் 68 விழுக்காடு பருத்தி வயலுக்கு உரியது, 23 விழுக்காடு வீட்டுச் சலவைக்கு உரியது. வெப்பமாதலிலோ வாங்கியவரின் சலவையும் உலர்த்தலும் 37 விழுக்காடு. ஒரே ஜீன்ஸ், இரண்டு பாதிப்புகள், பெரும் பங்கு விழும் இடங்களும் இரண்டு. நிறுவனமே செய்த ஆய்வு என்பதை நினைவில் வைத்தே இதைப் படிக்க வேண்டும். ஆயினும் வயலையும் வீட்டையும் ஒரே தாளில் கொண்டுவந்த முயற்சி என்ற அளவில் இது மதிக்கத்தக்கது.

ஆடையின் முடிவைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவே. ஆடைகளுக்கான இழைகளில் மீண்டும் ஆடையாகும் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் அதே 2017 அறிக்கை மதிப்பிட்டது. காற்றுப் புகாத குப்பைமேட்டில் புதையும் பருத்தி மட்கும்போது மீத்தேனை வெளியிடுகிறது. பாலியஸ்டர் மட்காமல் கிடக்கிறது. பழைய ஆடையை இன்னொருவர் உடுத்துவதே இவற்றில் சிறந்தது. ஆனால் அதைப் பெற்றவர் அதனால் புதிய ஆடை ஒன்றை வாங்காமல் இருந்தாரா, அல்லது அதையும் வாங்கிப் புதியதையும் வாங்கினாரா என்பதைப் பொறுத்தே ஆதாயத்தின் அளவு அமையும்; கவனமான ஆய்வுகள் இரண்டாம் கை ஆடை ஒவ்வொன்றும் ஒரு புதிய ஆடையைத் தவிர்த்தது என்று எடுத்த எடுப்பில் எழுதிவிடுவதில்லை.

பட்டியலைப் பாதிப்பாக மாற்றுதல்

இப்படித் திரட்டிய பட்டியலில் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கும். அவற்றைச் சில பாதிப்பு வகைகளுக்குள் அடக்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருள் சுற்றுச்சூழல் தடம் என்ற முறையில் அத்தகைய வகைகள் 16. வெப்பமாதலைப் பொறுத்தவரை எங்கே வெளியானாலும் விளைவு ஒன்றுதான் என்பதால் கூட்டுவது எளிது. நீருக்கு அது பொருந்தாது. எனவே அவேர் என்ற முறையில், ஒவ்வோர் ஆற்றுப் படுகையிலும் மக்களுக்கும் இயற்கைக்கும் போக எவ்வளவு நீர் மிஞ்சுகிறது என்று பார்த்து, உலகச் சராசரியை 1 என்று வைத்து, 0.1 முதல் 100 வரை ஒரு மதிப்பைக் கொடுத்து லிட்டரைப் பெருக்குகிறார்கள். வளமான படுகையில் எடுத்த ஆயிரம் லிட்டர், வறண்ட படுகையில் எடுத்த ஒரே ஒரு லிட்டருக்குச் சமமாக முடியும் என்பதே இதன் பொருள்.

வகைகளை ஒன்றாகச் சேர்ப்பதில் உள்ள ஆபத்தை, ஆடைக்கு நெருங்கிய உறவான துணிப்பையைப் பற்றிய ஓர் ஆய்வு நன்றாகக் காட்டியது. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-இல் வெளியிட்ட அந்த ஆய்வு, ஒரு சாதாரணப் பருத்திப் பையை 7,100 முறை பயன்படுத்தினால்தான் அது மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடச் சிறந்ததாகும் என்றது. இயற்கை வேளாண் பருத்திப் பைக்கு 20,000 முறை. இந்த எண்கள் உலகெங்கும் பரவின. பரவாமல் போனது இது: வெப்பமாதலை மட்டும் பார்த்தால் அதே ஆய்வில் அந்த எண்கள் 52-உம் 149-உம்தான். எல்லா வகைகளிலும் மிக மோசமான ஒன்றை, அதாவது ஓசோன் படலம் மெலிதலை, அளவுகோலாகக் கொண்டதால் வந்தவையே பெரிய எண்கள். தவிரவும், பிளாஸ்டிக் பை கடலில் மிதப்பதால் வரும் கேடு அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

இதே குறை ஆடையிலும் உண்டு. செயற்கை இழைத் துணிகளைத் துவைக்கும்போது நுண்ணிழைகள் உதிர்கின்றன. ஆறு கிலோ அக்ரிலிக் துணியைத் துவைத்தால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரலாம் என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. எத்தனை உதிர்கின்றன என்று எண்ண முடிகிறது. அவை உயிர்களுக்கு விளைவிக்கும் கேட்டை மற்றப் பாதிப்புகளைப்போல ஒரு நிலையான எண்ணாக மாற்றும் வழி இன்னும் உறுதிப்படவில்லை. எனவே மேற்சொன்ன 16 வகைகளில் அதற்கு இடமில்லை. அளக்கப்படாதது இல்லாததாகத் தோன்றும் என்பதால், கம்பளியையும் பாலியஸ்டரையும் ஒப்பிடும் மதிப்பெண்களில் இந்த இடைவெளி ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகமாகிவிடுகிறது. தொழிலாளரின் கூலியும் உடல்நலமும் இந்தக் கணக்கேட்டுக்கு முற்றிலும் வெளியே நிற்கின்றன. அவற்றுக்கென்று தனியான மதிப்பீட்டு முறை வளர்ந்துவருகிறது.

யார் தலையில் எவ்வளவு?

ஒரே வேலையில் இரண்டு பொருள்கள் கிடைக்கும்போது சுமையை எப்படிப் பிரிப்பது என்பது தொடக்கநிலை வாசகருக்கு அற்பமாகத் தோன்றும், ஆனால் முடிவையே புரட்டும் கேள்வி. பருத்தியை அரைத்தால் பஞ்சும் கிடைக்கிறது, பருத்திக்கொட்டையும் கிடைக்கிறது; எடையில் கொட்டையே அதிகம். எடைப்படி பிரித்தால் வயலின் சுமையில் பெரும்பகுதி எண்ணெய்க்கும் கால்நடைத் தீவனத்துக்கும் போகும், சட்டை இலேசாகிவிடும். வருவாய்ப்படி பிரித்தால், விலை பஞ்சுக்கே அதிகம் என்பதால், பெரும்பகுதி சட்டையின் மேல் ஏறும். ஆட்டிறைச்சிக்கும் கம்பளிக்கும் இடையிலும் இதே வழக்குதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கிச் செய்த பாலியஸ்டரில் வழக்கு இன்னும் நுட்பமாகிறது: பாட்டிலின் பழைய சுமையைப் பாட்டிலோடே விட்டுவிட்டு, உருக்கிய செலவை மட்டும் சட்டைக்கு எழுதலாமா? பல ஆய்வுகள் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் பாட்டில் மறுபடியும் பாட்டிலாகக்கூடியது. சட்டையானதும் அந்தச் சுழற்சி பெரும்பாலும் அங்கேயே அறுந்துவிடுகிறது. இதைக் கணக்கில் கொள்பவர்கள் பாட்டிலின் சுமையில் ஒரு பங்கைச் சட்டையின் மேலும் ஏற்ற வேண்டும் என்கின்றனர். அவர்கள் வாதமே எனக்கு நியாயமாகப் படுகிறது. எதைத் தேர்ந்தாலும், எப்படிப் பிரித்தோம் என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும் என்று தரநிலை வற்புறுத்துகிறது.

கடைசியாகத் தரவு. ஒரு சட்டையின் பின்னால் இருக்கும் ஒவ்வொரு வயலையும் ஆலையையும் நேரில் அளக்க நேரமும் பணமும் போதாது என்பதால், பெரும்பாலான கணக்குகள் தரவுத்தளங்களில் உள்ள சராசரி எண்களை எடுத்துக்கொள்கின்றன. ஒரு நிறுவனம் தன் எல்லா ஆடைகளையும் பார்த்து, சுமை எந்தக் கட்டத்தில் குவிகிறது என்று தெரிந்துகொள்ள அது போதும். ஆனால் 'இந்தச் சட்டை அந்தச் சட்டையைவிட இத்தனை விழுக்காடு நல்லது' என்று கடையில் எழுதிவைக்க அது போதாது. நார்வேயில் 2022 ஜூனில் இதுவே நடந்தது. ஆடைகளின் சுற்றுச்சூழல் சுமையை மதிப்பிடும் ஹிக் குறியீடு என்ற கருவியின் சராசரித் தரவுகளைக் கொண்டு, தன் இயற்கை வேளாண் பருத்தி டி-சர்ட்கள் சாதாரணப் பருத்தியைவிட எவ்வளவு மேலானவை என்று விளம்பரம் செய்த ஆடை நிறுவனம் ஒன்றை, அந்நாட்டின் நுகர்வோர் ஆணையம் அது சட்டத்துக்கு மாறானது என்று எச்சரித்தது. பொதுவான சராசரி, குறிப்பிட்ட அந்த ஆடை எங்கே எப்படி உருவானது என்பதைக் காட்டாது என்பதே அதன் வாதம். அதே மாதத்தில், குறியீட்டை உருவாக்கிய கூட்டமைப்பு நுகர்வோருக்கான முத்திரைத் திட்டத்தை உலகெங்கும் நிறுத்திவைத்தது. ஒரு குறிப்பிட்ட சட்டைக்கு எண் சொல்ல விரும்பும் நிறுவனம், அதன் பருத்தி எந்தப் படுகையில் விளைந்தது, சாயப்பட்டறையின் கொதிகலன் சென்ற ஆண்டு எத்தனை டன் நிலக்கரியை எரித்தது, வெட்டும் மேசையில் எத்தனை கிலோ துணுக்கு விழுந்தது என்று அந்தந்த இடத்திலிருந்தே கேட்டு வாங்கியாக வேண்டும்.